ஐந்து போன் கம்பனிகள் மூன்றானது ஏன்? ஒரு டவரின் கணக்கு

கேட்டவர் யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். இலங்கை மாதிரிச் சிறிய நாட்டில் தனியார் போன் கம்பனிகள் இவ்வளவு வேகமாக எப்படி வளர்ந்தன? ஐந்தாக (டயலொக், மொபிட்டல், எடிசலாட், ஹட்ச், எயார்டெல்) இருந்தவை ஏன் மூன்றாகின? ஐந்து இருந்த காலத்திலும் தன் வீட்டில் ஒன்றுக்குத்தானே ஒழுங்கான சிக்னல் இருந்தது, அப்படியென்றால் போட்டி என்று சொன்னதெல்லாம் எங்கே? இனி விலை ஏறுமா? இந்த நாலுக்கும் அடியில் கிடப்பது ஒரே கணக்கு: ஒரு டவரை நிறுத்தி ஓட்ட ஆகும் செலவு, அதைச் சுற்றி இருக்கிறவர்கள் போடும் ரீலோட்டில், அதாவது போனுக்கு முன்கூட்டியே போடும் காசில், மீளுமா, மீளாதா? டவர், பற்றரி, அலைவரிசை பற்றி வருவதை அளந்து பார்த்த விஷயமாக எடுத்துக்கொள்ளலாம். கம்பனிகளின் உள் முடிவுகள் பற்றிச் சொல்லும்போது ஊகம் கலக்கும். கலக்கும் இடத்தில் ஊகம் என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். எல்லாமே தனியார் கம்பனிகள் இல்லை. மொபிட்டல் 1993இல் அவுஸ்திரேலியக் கம்பனியொன்றின் கூட்டோடு தொடங்கி, 2002இல் முழுதாக ஸ்ரீலங்கா டெலிகொம்மின் கைக்கு வந்தது. அந்த டெலிகொம்மில் ஏறத்தாழப் பாதி அரசாங்கத்துடையது. சுத்தமான தனியார் வரிசை 1989இல் தொடங்கிய செல்டெல்லோடு ஆரம்பிக்கிறது. தெற்காசியாவின் முதல் செல்லுலார் சேவை அதுதான். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு எடுக்கப்பட்டது 1995 யூலையில். இப்படி முந்திக்கொண்டும் பத்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டில்கூட நாடு முழுவதும் சுமார் 4 இலட்சத்து 30 ஆயிரம் இணைப்புகள்தான். 2005இல் அது 33 இலட்சம், 2009 முடிவில் 1 கோடி 40 இலட்சத்துக்கும் மேல். ஆகவே வளர்ச்சியின் காரணத்தை 1989இல் தேடக்கூடாது. 2000க்குப் பிறகு மாறியது என்ன என்று பார்க்க வேண்டும்.

மாறியவற்றில் சட்டப் பக்கம் ஒன்று. 1991இன் 25ஆம் இலக்கச் சட்டத்தால் தொலைத்தொடர்புத் திணைக்களத்தின் வேலை கூட்டுத்தாபனத்திடம் போனது. 1996இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வந்தது. 1997இல் ஜப்பானின் என்டிடி டெலிகொம்மில் 35 வீதப் பங்கை வாங்கியது. இதன் பயன் என்னவென்றால், விளையாடுகிறவனே நடுவராகவும் இருந்த நிலை ஓரளவு முடிந்தது. முழுதாக முடிந்ததென்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அரசே பங்காளியாக இருக்கும் கம்பனியையும் அரசு நியமிக்கும் ஆணைக்குழுதான் கண்காணிக்கிறது.

ஆனால் சட்டத்தை விடப் பெரிய வேலையைச் செய்தது ரீலோட். மாதக் கடைசியில் பில் அனுப்பும் முறையில் கம்பனிக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நிலையான விலாசம், வருமான அத்தாட்சி, வைப்புப் பணம், பில் அச்சிடும் செலவு, கட்டாதவரைத் துரத்தும் செலவு எல்லாம் உண்டு. மாதம் 200 ரூபாய்க்குக் கதைக்கிற ஒருவருக்கு இவ்வளவும் செய்தால் மிஞ்சாது. முற்கொடுப்பனவில் காசு முதலில் வந்துவிடும். கடன் இல்லை, பில் இல்லை. முதலில் சுரண்டும் அட்டை வந்தது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது: 50 ரூபாய் அட்டையை அச்சிட்டுக் கடைக்குக் கொண்டுபோக ஆகும் செலவும் 500 ரூபாய் அட்டைக்கு ஆகும் செலவும் ஒன்றுதான், ஆகவே சிறிய அட்டை கம்பனிக்குக் கசந்தது. கடைக்காரர் தன் போனிலிருந்தே காசை அனுப்பும் முறை வந்தபிறகு அந்தத் தடையும் போனது. 20 ரூபாய்க்கு ரீலோட் போட முடிந்த நாளில்தான் கூலி வேலைக்காரரும் கடற்றொழிலாளியும் வாடிக்கையாளரானார்கள். ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்ததும் இதேதான். இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: ஏழைச் சந்தையில் போன் பரவியது அழைப்பின் விலை குறைந்ததால் மட்டும் என்று சொல்வது பாதி உண்மை, ஒரு தடவையில் கட்டவேண்டிய தொகை குறைந்தது மறுபாதி.

யாழ்ப்பாணத்துக்கு இது பிந்தித்தான் வந்தது. 1990களின் பெரும்பகுதி குடாநாட்டுக்குத் தொலைபேசித் தொடர்பே இல்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு கதைக்கக் கொழும்புக்குப் போய் லொட்ஜில் நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பிறகுதான் கைபேசி இங்கே காலடி வைத்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதோடு மறுபடி துண்டிப்புகள். 2009 மேக்குப் பிறகு ஐந்து கம்பனிகளும் ஒரே நேரத்தில் டவர் போட ஓடிவந்தன. இடைப்பட்ட காலத்தில் வீடுகளில் நின்றது கம்பியில்லா மேசைப் போன், நாங்கள் சிடிஎம்ஏ என்று சொல்லும் அந்தச் சாமான். சண்டெல்லும் லங்கா பெல்லும் 1996இலேயே அந்த வழியில் இறங்கியவை. கடைசியில் சண்டெல் 2012இல் டயலொக்கோடு சேர்ந்தது.

குடாநாட்டின் கணக்கு ஒரு விஷயத்தில் மொனராகலையின் கணக்கைப் போன்றதல்ல: வெளிநாட்டு அழைப்பு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அங்கத்தைய கம்பனி இங்கத்தைய கம்பனிக்கு ஒரு முடிவிடக் கட்டணம் கொடுக்க வேண்டும், அதுவும் டொலரில். வெளிநாட்டு அழைப்பில் டெலிகொம்முக்கு இருந்த தனியுரிமை 2002இல் முடிந்து, 2003இல் மற்றவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் கிடைத்தபின் அந்த வருமானம் பகிரப்பட்டது. ரீலோட்டே போடாமல் வரும் அழைப்பை மட்டும் எடுக்கிற அம்மம்மாவும் கம்பனிக்கு லாபமான வாடிக்கையாளராக இருந்தது இப்படித்தான். பிறகு வைபரும் வட்ஸ்அப்பும் வந்து அந்த வருமானத்தை ஏறக்குறையத் துடைத்துவிட்டன. போருக்குப் பிறகான கணக்குகளில் யாழ்ப்பாணத்து டவர்களுக்கு இந்த வரவு எவ்வளவு தூரம் சேர்க்கப்பட்டிருந்தது என்பது வெளியில் சொல்லப்படாத விஷயம். கணிசமாகச் சேர்த்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இனி டவர். காரைநகர் மாதிரி இடத்தில் ஒன்றை நிறுத்த என்ன வேண்டும்? குடாநாடு தட்டை, மலை இல்லை, ஆகவே வானலைக்குச் சுகம் என்று நினைப்பார்கள். பனையை மறந்துவிடுகிறார்கள். வளர்ந்த பனை 25, 30 மீற்றர் நிற்கும். அன்ரனா அதற்கு மேலே இருக்க வேண்டும், ஆகவே 40 மீற்றருக்குக் குறைந்த டவர் ஊர்மனைக்கு வெளியே பிரயோசனம் குறைவு. அத்திவாரம் தோண்டினால் சில அடியிலேயே சுண்ணாம்புக்கல். பாரம் தாங்க அது நல்லது, மின்னிறக்கத்துக்குக் கெட்டது: காய்ந்த சுண்ணாம்புக்கல் மின்னை உள்ளே எடுக்காது. வழமையாக 10 ஓமுக்குக் கீழே மண்ணிணைப்புத் தடை வேண்டும். அதை எட்ட நிலத்தடி நீர் மட்டம்வரை கம்பி இறக்கி, சுற்றிவர பெந்தனைட் களி நிரப்ப வேண்டியிருக்கும். மாரியில் அளந்து சரி என்று கையெழுத்து வைத்துவிட்டு வைகாசி ஆனியில் திரும்ப அளந்தால் அளவு ஏறியிருக்கும். இடிக்குச் சாதனம் எரிந்துபோகும் பல இடங்களில் காரணம் இதுதான். தீவுப் பக்கத்தில் இதோடு உப்புக்காற்று: நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணிகளும் பொருத்துகளும் உள்நாட்டை விட வேகமாகத் துருப்பிடிக்கும்; மேலே ஏறி இறுக்குவதும் பூசுவதும் தள்ளிப்போட முடியாத செலவு.

டவர் நின்றால் போதாது, அதைக் கம்பனியின் மற்ற வலையமைப்போடு இணைக்க வழி வேண்டும். ஒளியிழை வராத இடத்துக்கு மைக்ரோவேவ் இணைப்பு. நிலத்தின் மேல் 10 கிலோமீற்றர் சாதாரண விஷயம். கடலின் மேல் அதே 10 கிலோமீற்றர் தலையிடி: நேரே வரும் அலையும் நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலையும் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கும், வற்றுப்பெருக்கோடும் மாலை வெப்பத்தோடும் அது மாறிக்கொண்டே இருக்கும். இதற்குச் செய்வது, வாங்கும் பக்கத்தில் பல மீற்றர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு தட்டுகள் பூட்டுவது. ஒன்றில் அலை செத்தால் மற்றதில் இருக்கும். அதற்குச் செலவு இரட்டிப்பு. நெடுந்தீவு மாதிரி இடங்களில் பின்னேரமானால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் இணையம் இழுபட்டால், சனக்கூட்டத்தைச் சந்தேகிக்க முன் இந்த இணைப்பைச் சந்தேகிக்கலாம்.

பிறகு மின்சாரம். டவரின் சாதனங்கள் ஓடுவது மைனஸ் 48 வோல்ட் நேரோட்ட மின்னில் (டிசி). 2ஜி, 3ஜி, 4ஜி மூன்றும் மூன்று திசைக்கும் ஓடினால் சுமார் இரண்டரைக் கிலோவாட் இழுக்கும். பழைய ஈய அமிலப் பற்றரியில் 2 வோல்ட் கலங்கள் 24 தொடராக. 600 ஆம்பியர் மணி என்று வைத்தால் கையிருப்பு 28.8 கிலோவாட் மணி. 80 வீதம்வரை வடித்தால் ஒன்பது மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அப்படி அடிக்கடி வடித்தால் பற்றரியின் ஆயுள் போய்விடும், பாதிவரைதான் பாதுகாப்பு, அது ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை போனபோது டவர்கள் விழுந்ததற்குக் காரணம் வெட்டின் நீளம் மட்டும் என்றில்லை. கரண்ட் வந்த இடைவெளியில் பற்றரி முழுதாக ஏறமுடியவில்லை. அரைகுறையாக ஏறிய ஈயப் பற்றரி தகட்டில் சல்பேற்றுப் படிந்து, அடுத்த வாரம் ஒன்பது மணித்தியாலம் நிற்கவேண்டியது மூன்றோடு நிற்கும். ஜெனரேற்றர் உள்ள இடத்தில் மணித்தியாலத்துக்கு 2 லீற்றர் டீசல் கணக்கு, பத்து மணித்தியாலத்துக்கு 20 லீற்றர். அந்த ஆண்டு யூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியது, அதற்கும் வரிசை.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒரு டவரைச் சுற்றி 1,000 போன் என்று வைப்போம். ஒரு கம்பனி மட்டும் இருந்தால் அந்த 1,000 பேரின் ரீலோட்டிலிருந்து நிலவாடகை, மின்கட்டணம், காவல், பராமரிப்பு, கடன் தவணை எல்லாம் வர வேண்டும். ஐந்து கம்பனி ஐந்து டவர் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 200 போன், செலவு மட்டும் ஐந்து மடங்கு. திருநெல்வேலியிலோ யாழ்ப்பாண நகரிலோ 1,000 என்பது பல ஆயிரம், ஆகவே ஐந்தும் தாங்கும். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து, திருவாதிரைக்கும் ஆடி ஆவணி விடுமுறைக்கும் மட்டும் நிரம்புகிற ஊரில் தாங்காது. அதனால்தான் ஐந்து கம்பனிக் காலத்திலும் உங்கள் வீட்டில் ஒன்றுக்குத்தான் சிக்னல். விளம்பரப் பலகையில் ஐந்து கம்பனி இருந்தது. உங்கள் ஊரில் போட்டி ஒருநாளும் இருக்கவில்லை. ஒரே டவரைப் பல கம்பனிகள் வாடகைக்குப் பகிரும் ஏற்பாடு இதைக் கொஞ்சம் சரிசெய்யும், ஆனால் இரும்பைப் பகிர்ந்தாலும் மேலே பூட்டும் சாதனமும் மின்சாரமும் ஆளுக்கு ஆள் வேறுதான்.

ஐந்து மூன்றானதும் இதே கணக்கின் தொடர்ச்சி. 2009 ஜனவரியில் எயார்டெல் வந்தது. விலைச்சண்டை தொடங்கி, நிமிடக் கட்டணம் செலவுக்குக் கீழே போனது. அந்த ஆண்டில் டயலொக் போன்ற முதலாம் இடத்துக் கம்பனியே ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டிய நட்டம் காட்டியது. 2010இல் ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்துச் சண்டையை நிறுத்தியது. இது நல்லதா கெட்டதா என்பதில் இத்துறையில் இருப்பவர்களே ஒத்துப்போகமாட்டார்கள். விலை அடிமட்டத்துக்குப் போனால் கிராமத்து டவருக்கு முதல் போட ஆளில்லாமல் போகும் என்பது ஒரு பக்கம். குறைந்தபட்ச விலை என்பது பிந்தி வந்த சிறிய கம்பனியின் ஒரே ஆயுதத்தைப் பறிப்பது என்பது மறுபக்கம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் இரண்டாவது வாதத்துக்கும் பலம் இருக்கிறது என்பேன். செல்டெல் ரிகோவாகி, எடிசலாட்டாகி, 2018 நவம்பரில் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024 யூனில் எயார்டெல் டயலொக்கோடு சேர, பதிலுக்குப் பாரதி எயார்டெல்லுக்கு டயலொக்கில் சுமார் 10 வீதப் பங்கு கிடைத்தது. எஞ்சியது டயலொக், மொபிட்டல், ஹட்ச்.

சேர்க்கையால் பாவனையாளருக்கு என்ன என்பதில் உறுதியானதும் உண்டு, உறுதியில்லாததும் உண்டு. உறுதியானது அலைக்கற்றை. 4ஜியில் 10 மெகாஹேர்ட்ஸ் வைத்திருந்தவருக்கு இன்னுமொரு 10 கிடைத்தால் அதே டவரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு தரவு கொடுக்கலாம், புதிய இரும்பு தேவையில்லை. 20 மெகாஹேர்ட்ஸுக்கு விளம்பரத்தில் வரும் உச்சவேகம் 150 மெகாபிட். ஊரில் ஒரு திசைக்குச் சராசரியாக 30, 40 கிடைத்தால் நல்லது, அதை அந்தத் திசையில் இருக்கும் எல்லாரும் பங்கிடவேண்டும். நல்ல தரத்தில் படம் பார்க்க ஒருவருக்கு 4, 5 மெகாபிட் வேண்டும் என்றால், எட்டுப் பேரோடு பங்கு முடிந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதியில் என்ன நடக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம். உறுதியில்லாதது பழைய டவர்களின் கதி. சேர்ந்த இரண்டு கம்பனியின் டவர்களும் முந்நூறு மீற்றருக்குள் நின்றால் ஒன்றைக் கழற்றுவது உலக வழக்கம். நகரில் அது யாருக்கும் தெரியாது. ஊர்ப்புறத்தில் கழற்றப்பட்ட டவருக்கு அருகில் இருந்தவரின் வீட்டுக்குள் சிக்னல் குறையலாம்.

விலையைப் பொறுத்தவரை, ஆட்கள் குறைந்தால் விலை ஏறும் என்ற பாடப்புத்தக விதி பொய்யில்லை. ஆனால் இலங்கையில் கடைசியாக நடந்த பெரிய ஏற்றங்கள் நாலு கம்பனி இருந்த காலத்திலேயே வந்தவை. 2022 செப்டெம்பரில் ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணங்கள் 20 வீதம் கூடின. கம்பனியின் வரவு ரூபாய், சாதனமும் பற்றரியும் டொலர். அந்த வருடம் டொலர் 200 சொச்சத்திலிருந்து 360க்குப் போனது. வற் வரி 2022 மே முடியும்வரை 8 வீதமாக இருந்தது, 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 ஆனது. குரல் அழைப்புக்கு 15 வீதத் தொலைத்தொடர்பு அறவீடு வேறு. ஆகவே அடுத்த சில வருடத்துக்கு விலையைத் தீர்மானிப்பது கம்பனிகளின் எண்ணிக்கையை விட டொலரும் திறைசேரியும்தான் என்பது என் கணிப்பு. சேர்க்கையின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் வரும்: பட்டியல் விலை அப்படியே இருக்க, அந்த விலைக்குக் கொடுக்கும் டேட்டாவும் செல்லுபடியாகும் நாளும் மெல்லக் குறையும். பக்கேஜ் வாங்கும்போது ரூபாயைப் பார்க்காமல் ஒரு ஜிபிக்கு எவ்வளவு, எத்தனை நாள், இரவு டேட்டா எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டு விஷயம். எந்த சிம் என்பதை அயலவரின் வாய்ச்சொல்லில் முடிவெடுக்க வேண்டாம். அன்ட்ரொய்ட் போனில் அமைப்புகளில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90ஐ விடச் சிறப்பாக, உதாரணமாக மைனஸ் 80 என்று காட்டினால் தாராளம். மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 115க்குக் கீழே கதைத்தல் அறுபடும். மூன்று கம்பனியின் சிம்மையும் ஒரே போனில் மாறி மாறிப் போட்டு, முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் எழுதிவையுங்கள். முற்றத்தில் நல்லது, உள்ளே 15, 20 டெசிபல் விழுகிறது என்றால் குற்றம் கம்பனியில் இல்லை, தளம் போட்ட கொங்கிறீற்றிலோ தகரச் சீற்றிலோ இருக்கிறது. ஓட்டு வீட்டில் இந்த இழப்பு குறைவு. அளவு நன்றாக இருந்தும் இணையம் இழுபட்டால் விடிய ஐந்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வேகத்தை அளந்து பாருங்கள். விடியவும் மெதுவென்றால் இணைப்பில் பழுது. இரவில் மட்டும் என்றால் நெரிசல், அதற்குக் கம்பனி கொள்ளளவைக் கூட்ட வேண்டும். கதைக்கும்போது மட்டும் அறுபட்டால் போனில் வோல்டீ (4ஜி வழியாகவே கதைக்கும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழைப்பு ஒவ்வொன்றும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கித்தான் நடக்கும். இணையத்தில் விற்கும் சிக்னல் பூஸ்ரரை வாங்காதீர்கள்: அனுமதியில்லாமல் பாவிப்பது சட்டவிரோதம், மலிவானவை தாங்களே அலை எழுப்பி அந்த டவரின் ஒரு திசையையே குழப்பும், பிறகு ஊருக்கே சிக்னல் போகும்.

முறைப்பாடு செய்வதானால் எண், இடம், திகதி, நேரம், டிபிஎம் அளவு, வேக அளவின் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றோடும் முதலில் கம்பனிக்கு எழுதி முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த இலக்கத்தோடு ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். "சிக்னல் இல்லை" என்று ஒற்றை வரியில் போகும் முறைப்பாடு கீழே கிடக்கும். ஒரே தெருவில் பத்து வீட்டார் இதே அளவுகளோடு தனித்தனியே எழுதினால் அது வலையமைப்புத் திட்டமிடுகிறவரின் மேசைவரை போகும், ஏனென்றால் அவர் பார்ப்பது அந்தப் பத்துப் புள்ளியும் வரைபடத்தில் ஒரே இடத்தில் விழுகிறதா என்பதைத்தான்.